பிரெஞ்சு 'ஆன்ழ்' குழுவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ஏழாம்சுரம் (கேள்வி):

ஜெனிசிஸ், ஜெத்ரோ டல், வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் ஆகிய பிரிட்டிஷ் ராக் குழுக்களின் 1970 முதல் 1975 வரையான ஆல்பங்கள் நன்றாகப் பழக்கம். பிரெஞ்சு புரோகிரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக்) பக்கம் போகும்போதெல்லாம் ஆன்ழ் என்ற பெயர் வருகிறது. 'நாடக ராக்' என்கிறார்கள். ஒரு தொகுப்பு ஆல்பத்தில் கை வைத்தால் மூன்று பாட்டுக்கு மேல் நகரவில்லை. பாடகர் பாடுகிறாரா, வசனம் பேசுகிறாரா, அழுகிறாரா என்றே பிடிபடவில்லை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆல்பங்களோ இருபதுக்கும் மேல்.

எதில் தொடங்குவது, எந்த வரிசையில் போவது, மொழி தெரியாமல் இதில் நுழைய முடியுமா? பழைய இசைத்தட்டு வாங்குவதானால் என்ன பார்த்து வாங்க வேண்டும்?

---

ஆர்கன்மேடை:

முதலில் அந்தத் தொகுப்பை ஒதுக்கி வையுங்கள். ஆன்ழைத் தொகுப்பில் கேட்பது, ஐந்து நாடகங்களிலிருந்து ஆளுக்கொரு காட்சியைப் பிய்த்து ஒட்டிப் பார்ப்பது போல. ஒரு பாட்டில் கிழவனாகப் பேசுபவர் அடுத்ததில் பித்துப் பிடித்தவராகக் கத்துவார். இடையில் இருக்க வேண்டிய கதை இல்லாததால் எல்லாமே மிகைநடிப்பாகத்தான் தெரியும்.

பின்னணி சுருக்கமாக. கிழக்கு பிரான்சின் பெல்ஃபோர் நகரில் 1969இல் கிறிஸ்தியான் தெகான், அவர் தம்பி பிரான்சிஸ் தெகான் இருவரும் தொடங்கிய குழு. அண்ணன் குரல், தம்பி ஆர்கன். இவர்களோடு கிட்டாரில் ழான்-மிஷெல் பிரெசோவார், பேஸிலும் அக்கூஸ்டிக் கிட்டாரிலும் தானியேல் ஆஸ், டிரம்ஸில் ழெரார் ழெல்ஷ். நீங்கள் தேடும் ஆன்ழ் இந்த ஐவர்தான். 1970 தொடக்கத்தில் பெல்ஃபோரில் ஒரு ராக் ஓபராவை மேடையேற்றித்தான் இவர்கள் வெளியே தெரிய வந்தார்கள். முதல் ஆல்பம் வந்ததோ 1972இல். மேடை முந்தியது, தட்டு பிந்தியது. இந்த வரிசை மனதில் இருந்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

முதல் ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள்: 'கரிக்கத்தூர்' 1972, 'கோமாளிகளின் கல்லறை' 1973, 'பித்துக்கு அப்பால்' 1974, 'எமில் ழாக்கொத்தே' 1975, 'மான்த்ரேனின் புதல்வர்களால்' 1976. தலைப்புகளைத் தமிழில் சொல்கிறேன். பிரெஞ்சில் தேட ஆண்டு துணை செய்யும்.

நீங்கள் 1974இல் தொடங்குங்கள். ஆனால் அதற்கு முன் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. அதைத் தவிர்த்தால் மீண்டும் மூன்றாம் பாட்டில் நின்றுவிடுவீர்கள்.

அந்த வேலை இது. பெல்ஜியப் பாடகர் ழாக் பிரெலின் 'அந்த ஆட்கள்' (பிரெஞ்சில் 'சே ழான்-லா') என்ற 1960களின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஒரு முறை வாசியுங்கள். ஒருவன் யாரோ ஒரு 'ஐயா'விடம் ஒரு குடும்பத்தை ஆள் ஆளாக அறிமுகம் செய்கிறான்: குடிகார மூத்தவன், இளையவன், சுவரில் படமாகத் தொங்கும் அப்பா, நடுங்கும் கிழவி, ஆறிய சூப்பை உறிஞ்சும் சத்தம். கடைசியில் அந்த வீட்டுப் பெண் பிரிதாவிடம் வந்ததும் அவன் குரல் உடைகிறது. பிரெல் பாடியதைக் கேளுங்கள். அடுத்து, 'கோமாளிகளின் கல்லறை' ஆல்பத்தின் முதல் பாட்டாக ஆன்ழ் அதையே பாடியிருப்பதைக் கேளுங்கள்.

மெட்டு அதே, சொல் அதே. பிரெலிடம் ஆர்கெஸ்ட்ரா செய்யும் மெதுவான ஏற்றத்தை ஆன்ழிடம் ஆர்கனும் டிரம்ஸும் செய்கின்றன. ஆனால் குரல் நடந்துகொள்ளும் விதம் ஒன்றே: ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தொனி, சொல்லை மெல்லுதல், வேண்டுமென்றே தாளத்துக்குப் பிந்திப் பேசுதல், கடைசியில் திறந்துவிடுதல். 'பாடுகிறாரா பேசுகிறாரா' என்ற உங்கள் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இது பிரெஞ்சு ஷான்ஸோன் மரபு. அங்கே பாடகர் ஒரு பாத்திரம், சொல்தான் முதல் வாத்தியம். கிறிஸ்தியான் தெகானை ஜெனிசிஸ் பாடகர் பீட்டர் கேப்ரியலுடன் ஒப்பிட்டு எல்லாரும் எழுதுகிறார்கள். ஒப்பனை, வேடம், கதை என்பதோடு அந்த ஒப்புமை முடிந்துவிடுகிறது. கேப்ரியல் குழுவின் இசைக்குள் ஒருவர். ஆன்ழிலோ இசை குரலுக்குப் பின்னால் நிற்கும் மேடை. ஜெனிசிஸின் டோனி பேங்க்ஸ் வாசிப்பது போன்ற நீண்ட கீபோர்டு தனியாவர்த்தனத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

பிறகு 'பித்துக்கு அப்பால்'. எட்டுப் பாட்டு, பக்கத்துக்கு நான்கு. இடைக்கால உழவன் ஒருவனைச் சுற்றிய கதை. ஒரே மூச்சில் முழுதும் கேட்க வேண்டாம். முதல் நாள் முதல் பக்கம் மட்டும். வயலினுடன் வரும் முதல் பாட்டு 'கொத்வேன்' பிடிக்க எளிது. இரண்டாவது 'ஈசாக்கின் நீண்ட இரவுகள்' கரடுமுரடானது, பலர் நின்றுபோகும் இடம். நான்காவது அக்கூஸ்டிக் கிட்டாரில் வரும் மென்மையான பாட்டு. இந்த ஏற்ற இறக்கம் திட்டமிட்டு அமைந்தது. இரண்டாவதைத் தாண்டிக் குதித்தால் நான்காவதன் அமைதிக்குப் பொருளில்லை. மறுநாள் இரண்டாம் பக்கம். அதன் முதல் பாட்டு 'வெளியேற்றம்'. பிரெசோவாரின் கிட்டார் எப்படிப்பட்டது என்று பார்க்க அதுவே போதும்.

ஆர்கன் பற்றி ஒரு சொல். அந்த ஈரமான, சற்று நடுங்கும் வயலின் கூட்டம் போன்ற ஒலியை மெல்லட்ரான் (நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிரான்சிஸ் வாசித்தது இத்தாலிய வைகவுண்ட் ஆர்கன். அதை எதிரொலிக் கருவி வழியாக அனுப்பி அந்தப் பனிமூட்டத்தை உண்டாக்கினார். மெல்லட்ரான் என்று நினைத்துக் கேட்டால் 'ஏன் மெலிந்து கேட்கிறது' என்று குறை தோன்றும். ஆர்கன் என்று தெரிந்து கேட்டால் அவர் எவ்வளவு சிறிய கருவியிலிருந்து எவ்வளவு பெரிய தேவாலயத்தைக் கட்டினார் என்பது தெரியும். எனக்கு அந்தக் காலப் பிரெஞ்சு ராக்கிலேயே மிக அழகான ஒலி அதுதான்.

---

சொல்லுடைப்பவள்:

மொழி பற்றி மட்டும் சொல்கிறேன். பிரெஞ்சு தெரியாமல் ஆன்ழுக்குள் போகலாம், ஆனால் வரிகளைப் பார்க்காமல் போக முடியாது. இரண்டும் வேறு.

செய்ய வேண்டியது: பாட்டுக்கு மூன்று முறை. முதல் முறை எதுவும் பார்க்காமல், குரல் எங்கே மாறுகிறது என்று மட்டும் கவனித்து. இரண்டாம் முறை மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்றாம் முறை பிரெஞ்சு மூல வரிகளை விரலால் தொடர்ந்துகொண்டு. மூன்றாவதுதான் முக்கியம். தெகான் உயிரெழுத்துகளை நீட்டியும் மெய்களைக் கடித்தும் பாத்திரம் உண்டாக்குவது கண்ணில் எழுத்து இருந்தால்தான் காதில் விழும். பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது என்ற ஒரே விதியைத் தெரிந்துகொண்டால் வரியைத் தொலைக்காமல் தொடரலாம். பெல்ஃபோர் என்ற ஊர்ப் பெயரிலேயே கடைசி எழுத்து மௌனம். குழுப் பெயர் 'ஆன்ழ்', ழாக், ழான் என்று நாம் எழுதும் அதே ழ. பொருள்: தேவதூதன்.

இயந்திர மொழிபெயர்ப்பு இங்கே எங்கெங்கே சறுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, பழஞ்சொல். 'கொத்வேன் லெ விலேன்' என்பதைத் 'தீயவன் கொத்வேன்' என்று பெயர்த்துவிடும். இடைக்காலப் பிரெஞ்சில் 'விலேன்' என்றால் பிரபுவின் நிலத்தில் உழுத குடியானவன். ஆல்பத்தின் கதை நிற்பதே இந்த ஒரு சொல்லில். அதுபோல 'ஃபான்-லா-பீஸ்' என்ற பட்டப்பெயர். 'பீஸ்' என்பதற்கு முத்தம் என்றும் பொருள் உண்டு, இயந்திரம் அதைத்தான் பிடிக்கும். அந்தப் பக்கத்தில் ழுரா மலையடிவாரமெங்கும் வடக்கிலிருந்து அடிக்கும் குளிர்ந்த வறண்ட காற்றுக்கும் பீஸ் என்றுதான் பெயர். காற்றைப் பிளந்துகொண்டு போகிறவன் என்று பொருள்.

இரண்டு, சிலேடை. இது பிற்கால ஆல்பங்களில் ஆட்டமாகவே ஆகிவிடுகிறது. 1983 ஆல்பத்தின் பெயர் 'லா கார் தெ த்ருவா', த்ருவா நகரத்து ரயில் நிலையம். வாயால் சொன்னால் 'லா கேர் தெ த்ருவா', அதாவது டிராய் யுத்தம், பக்கத்திலேயே நிற்கிறது. 1986இன் 'எக்னா' குழுவின் பெயரைத் திருப்பி எழுதியது. 1989 தலைப்பு 'உயிர் பிழைக்க ஓடுங்கள்' என்ற வழக்குத்தொடரை எடுத்து, முதல் சொல்லை மரத்தின் உயிர்ச்சாறு என்று மாற்றி வைத்தது. 2007இன் 'சுஃப்ளர் தெ வேர்' காதுக்குக் கண்ணாடி ஊதுபவர்கள், கண்ணுக்குக் கவிதை வரிகளை ஊதுபவர்கள். அதிலும் 'சுஃப்ளர்' என்றால் நாடக மேடையில் மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர் என்றும் பொருள். மூன்று பொருளும் ஒரே மூச்சில். இதைக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சி பாட்டு கேட்பதற்கு நிகரானது.

மூன்று, ஊர்ச் செய்தி. 'மான்த்ரேன்' யார் என்று தெரியாமல் 1976 ஆல்பத்தைத் தொடாதீர்கள். லூயி மான்த்ரேன் 18ஆம் நூற்றாண்டுக் கடத்தல்காரர். அரசனிடம் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்த கூட்டத்துக்கு எதிராகப் புகையிலையும் துணியும் எல்லை தாண்டிக் கொண்டுவந்து மலிவாக விற்றவர். 1755 மே 26இல் வாலான்ஸ் நகரில் சக்கரத்தில் கட்டி அடித்துக் கொன்றார்கள். அப்போது வயது 30. மக்கள் நினைவில் இன்றும் அவர் நாயகன். ஆல்பத்தின் தலைப்பில் 'புதல்வர்கள்' என்ற சொல் வருவதற்குப் பின்னால் இது இருக்கிறது.

---

ஏழாம்சுரம்:

மிக்க நன்றி, பிரெல் பாட்டையும் ஆன்ழ் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டாயிற்று. பிரிதா வரும் இடம் புரிந்தது. 1976 ஆல்பத்துக்கு ஆங்கில வடிவம் இருக்கிறதாமே, அதில் தொடங்கினால் எளிதாக இருக்காதா? தட்டு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

உள்வட்டம்:

ஆங்கில வடிவம் உண்டு. அதே இசைமேல் ஆங்கில வரிகளைப் பாடியது. வேண்டாம். பிரெஞ்சில் அழுத்தம் சொல்தொடரின் கடைசி அசையில் விழும், மெட்டு அதற்கேற்பக் கட்டப்பட்டது. ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் முன்பக்கம் விழுவது மிகுதி. ஆகவே மெட்டும் சொல்லும் ஒன்றையொன்று இழுக்கின்றன. பிரெஞ்சு வடிவம் மனப்பாடமான பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் நல்லது.

தட்டுக்கு வருவோம். முதல் ஆல்பங்கள் பிலிப்ஸ் வெளியீடு. அப்போது பிரான்சில் நன்றாக விற்றதால் பழைய பிரதிகள் அரிதல்ல. அவசரப்பட்டு முதலில் கண்ணில் பட்டதை வாங்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவை:

விற்பவரிடம் பொதுவாக 'நல்ல நிலை' என்று கேட்டு விடாதீர்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று கேளுங்கள். காரணம் கணக்கு: தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும்போது வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்வட்டத்தில் ஏறத்தாழ 21 செ.மீ. மட்டுமே. அதே உச்சஸ்தாயி ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். 'ஸ' ஒலிகளும் கத்தும் குரலும் கிழியத் தொடங்குவது அங்கேதான். ஆன்ழிடம் 'ஸ'வைச் சீறும் குரலும் உண்டு, கத்தலும் உண்டு. தேய்ந்த ஊசியால் பலமுறை ஓடிய பிரதி என்றால் உள்வட்டம் முதலில் போயிருக்கும்.

'பித்துக்கு அப்பால்' ஆல்பத்தில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு மென்மையானது. கீறலும் வெடிப்பும் மறைய இடமில்லை. அந்த ஒரு பாட்டு சுத்தமாக இருந்தால் தட்டு வாங்கலாம். கூம்பு ஊசியைவிட நீள்வட்ட ஊசி உள்வட்டத்தில் தெளிவாகப் படிக்கும். ஊசி எடையைக் கார்ட்ரிட்ஜ் கையேட்டில் சொன்ன வரம்பின் மேற்பாதியில் வையுங்கள். குறைத்து வைத்தால் தட்டு தேயாது என்பது தவறு. எடை போதாமல் ஊசி குதிப்பதுதான் பள்ளத்தைக் கெடுக்கும்.

இணையத்தில் கேட்பதானால் நான்கு அமைப்புகள். பாடல்களின் ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். கிசுகிசுப்புக்கும் கூச்சலுக்கும் உள்ள தூரம்தான் இந்த இசையின் முதுகெலும்பு. ஒரு பாட்டு மங்கி அடுத்தது ஏறும் வசதியையும் அணையுங்கள். இடைவெளியில்லாமல் ஓடும் வசதியை இயக்குங்கள். வரிசை கலைத்து ஓடுவதை எக்காரணம் கொண்டும் இயக்காதீர்கள். 'கரிக்கத்தூர்' ஆல்பம் 'பியாஃப்ரா 80' என்ற இசையின் முன்னுரையில் தொடங்கி அதன் இறுதிப் பகுதியில் முடிகிறது. 'கல்லறை'யில் 'பிவுவாக்' என்ற பாட்டு இரண்டாக வெட்டப்பட்டு நடுவில் வேறு பாட்டு நிற்கிறது. கலைத்தால் கதவு ஒரு வீட்டிலும் கூரை இன்னொரு வீட்டிலும் கிடக்கும்.

தேடும்போது குழுப் பெயரை மட்டும் போட்டால் அதே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். தெகான் என்ற குடும்பப் பெயரையோ ஆல்பத்தின் பிரெஞ்சுத் தலைப்பையோ சேர்த்துத் தேடுங்கள்.

---

லாடமணி:

1974இல் தொடங்கச் சொன்னதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஜெத்ரோ டல் பழகிய காதுக்கு 1975இன் 'எமில் ழாக்கொத்தே'தான் வாசல்.

எமில் ழாக்கொத்தே கற்பனைப் பாத்திரம் அல்ல. பெல்ஃபோருக்குப் பக்கத்தில் சோல்னோ கிராமத்தில் குதிரைக்கு லாடம் அடித்த முதியவர். அவர் சொன்ன கதைகளைப் பதிவு செய்து, அவர் குரலையே ஆல்பத்தில் வைத்தார்கள். கிழவர் தன் ஊர்ப் பேச்சில் ஏதோ சொல்லி நிறுத்துகிறார், அந்த இடத்திலிருந்து பாட்டு எழுகிறது. மொழி தெரியாதவருக்கும் இது விளங்கும். உண்மையான குரல் எது, நடிக்கும் குரல் எது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதால், தெகான் எதை நடித்துக் காட்டுகிறார் என்பது தானாகப் பிடிபடும். பாட்டுகளும் குறுகியவை. கவனிக்க வேண்டியது ஒன்று: கதை முதல் பக்கத்தோடு முடிகிறது, இரண்டாம் பக்கம் தனித்தனிப் பாட்டுகள். இது தெரியாமல் 'கதை எங்கே போயிற்று' என்று தேடுகிறவர்கள் உண்டு. 2014இல் இதே ஆல்பத்தைப் புதிய அணி மறுபடி பதிவு செய்தது. முதலில் பழையதைக் கேளுங்கள்.

மேடையை அறிய 1977இன் 'தோம் சீஸ்', அதாவது 'ஆறாம் தொகுதி'. ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்களுக்குப் பிறகு ஆறாவதாக வந்த இரட்டைத் தட்டு நேரலை. பிரெல் பாட்டு இதிலும் உண்டு. 1973 ஸ்டுடியோ வடிவத்தோடு ஒப்பிட்டால் நான்கு ஆண்டு மேடை அந்தக் குரலை என்ன செய்தது என்று தெரியும். 'வாழ்வுக்கு ஒரு துதி' என்ற நீண்ட பாட்டும் ஸ்டுடியோவைவிட இதில் உயரம். ஆனால் இதை முதலில் கேட்க வேண்டாம். ஸ்டுடியோ வடிவங்கள் காதில் ஏறாமல் கேட்டால் நீளம் மட்டுமே தெரியும்.

இதற்குப் பிறகு பிரெசோவாரும் ஆஸும் விலகினார்கள். 1978இன் 'கெத்தப்பான்' புதிய கிட்டார், பேஸ் கலைஞர்களோடு வந்தது. அதில் 'தேன்நெஞ்சுக் கேப்டன்' என்ற நெடும்பாட்டு எந்தப் பழைய பாட்டுக்கும் குறைந்ததல்ல. 1980களின் ஆல்பங்களை இப்போதைக்கு விடுங்கள். ஒலியமைப்பு அந்தப் பத்தாண்டுக்கு உரியது, சொல்லாட்டம் தெரிந்தவர்களுக்கே அவற்றில் பயன். 1995இல் விடைபெறும் பயணம் நடத்திய பிறகு கிறிஸ்தியான் தன் மகன் திரிஸ்தானோடு தொடர்ந்தார். அந்த அணியில் ஒன்றே ஒன்று எடுப்பதானால் 2007 ஆல்பம்.

பக்கத்து வீடுகள்: ஒர்லேயான் நகரத்து மோனா லிசா. ஆன்ழுக்கு மிக நெருங்கிய உறவு. தோமினிக் லெ கெனெக் என்ற பாடகர் ஒப்பனையும் வேடமுமாக நின்ற 1975இன் 'முகச்சுளிப்புகள்', 1977இன் 'திரு. கிரெகுவாரின் சின்ன வயலின்' இரண்டும் போதும். அடுத்த ஆல்பத்தில் அவர் இல்லை, நாடகமும் இல்லை. மெத்ஸ் நகரத்து ஆத்தோல் குழுவின் 1975 ஆல்பம் 'லாரென்யே மால்' வயலினும் ஜாஸும் கலந்தது. குரலைவிட வாத்தியம் வேண்டுமென்றால் அங்கே போகலாம். மாக்மா என்ற குழு வேறு உலகம். கிறிஸ்தியான் வாந்தேர் தானே உண்டாக்கிய கோபையா மொழியில் பாடுவது. ஆன்ழ் வழியாக அங்கே போக எண்ணாதீர்கள், பாதை இல்லை.

---

ஆர்கன்மேடை:

லாடமணி ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பிரெல், அடுத்து எமிலின் முதல் பக்கம், அடுத்து 'பித்துக்கு அப்பால்' இரண்டு பக்கங்கள், பிறகு 1973, 1976, கடைசியாக நேரலை. 1972 ஆல்பத்தை நேரலைக்கு முன் எங்காவது நுழைத்துவிடுங்கள். 'கண்ணியம்' என்ற பாட்டை ஸ்டுடியோவில் கேட்டிருந்தால்தான் நேரலையில் அது தொடங்கும்போது அடையாளம் தெரியும்.

கேள்வி கேட்டவருக்கு ஜெனிசிஸ் பழக்கம் என்பதால் இன்னொரு தகவல். 1973 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ரெடிங் விழாவில், ஜெனிசிஸ் முதன்மைக் குழுவாக நின்ற அதே விழாவில், ஆன்ழும் வாசித்தது. பிரெஞ்சில்தான் பாடினார்கள். அந்த மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு ஜெனிசிஸின் 1973 நேரலை ஆல்பத்தையும் ஆன்ழின் 'கல்லறை'யையும் ஒரே மாலையில் கேளுங்கள். ஒரே ஆண்டு, ஒரே விழா. ஒன்றில் பாடகர் முகமூடிக்குள்ளிருந்து பாடுகிறார், மற்றதில் முகத்தையே முகமூடியாக்குகிறார். 'கல்லறை'யின் கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்காதீர்கள். தலைப்புப் பாட்டு அங்கேதான் இருக்கிறது.